தொட்ட காய்

2022 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. இரவு பத்து மணி தாண்டியிருந்தது. ஆபீஸ் லேப்டாப்பில் ஏதோ ஒரு டெப்லாய்மென்ட் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும் வரை எழுந்து போகவும் முடியாது, செய்வதற்கும் ஒன்றுமில்லை. பக்கத்தில் என் சொந்த லேப்டாப்பில் ஜூலியஸ் பேர் ஜெனரேஷன் கப் ஓடியது. ஆறாவது சுற்று. வெள்ளைக் காய் ஹான்ஸ் நீமனுக்கு, கறுப்பு மேக்னஸ் கார்ல்சனுக்கு. இரண்டு வாரங்களுக்கு முன்பு செயின்ட் லூயிஸில் இவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி செஸ் உலகமே பேசிக்கொண்டிருந்ததால் நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நீமன் ராணிக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். கார்ல்சன் குதிரையை எடுத்து வைத்தார். நீமன் பக்கத்துச் சிப்பாயையும் தள்ளினார். அவ்வளவுதான். கார்ல்சன் ரிசைன் செய்துவிட்டார். அவருடைய கேமராவும் அணைந்துபோனது. அவர் முகம் இருந்த சதுரம் காலியாக இருந்தது. வர்ணனையில் இருந்த தானியா சச்தேவுக்கும் பீட்டர் லேகோவுக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எனக்கு முதலில் நெட்தான் போய்விட்டது என்று தோன்றியது. பிறகு புரிந்தது. புரிந்ததும் நான் செய்த முதல் காரியம், லேப்டாப் மூடியைச் சாத்தியது. ஏன் சாத்தினேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் தூக்கம் வருது என்று சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தென்காசியிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். "ஏல, ஒத்தக் குதிரைய நகத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டானாம்ல. ஏன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

*

என் பெரியப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கோடை விடுமுறையில் தென்காசிக்குப் போனால் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு வராண்டாவில் உட்கார்ந்து ஆடுவோம். அவரிடம் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் ஒரு யானைக்கு உச்சி உடைந்திருக்கும். ஆட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உயிர்: தொட்ட காயை ஆட வேண்டும். எட்டு வயதுப் பையன் என்றெல்லாம் பார்க்க மாட்டார். விரல் பட்டுவிட்டால் முடிந்தது. "தொட்டுட்டல்லா, ஆடு." நான் அழுதுகொண்டே ராணியைப் பறிகொடுத்த ஆட்டங்கள் நிறைய.

பத்தாம் வகுப்போடு நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன், எல்லோரையும் போல. பிறகு 2020 வந்தது. மார்ச் கடைசியில் ரஷ்யாவின் யெகாடெரின்பர்க்கில் நடந்துகொண்டிருந்த கேண்டிடேட்ஸ் போட்டியைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் ஊருக்கு அனுப்பினார்கள். உலகத்தில் எந்த விளையாட்டும் நடக்கவில்லை. ஏப்ரல் 18ஆம் தேதி கார்ல்சன் தன் பெயரிலேயே ஒரு ஆன்லைன் ரேபிட் போட்டியைத் தொடங்கினார். மேக்னஸ் கார்ல்சன் இன்விடேஷனல். எட்டு பேர், இரண்டரை லட்சம் டாலர் பரிசுத்தொகை. காருவானா, நாகமுரா, டிங் லிரென், கிரி எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து ஆடினார்கள். உலக சாம்பியன் தன் வீட்டு நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து ஆடுவதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. அலமாரி, ஜன்னல், ஹெட்போன். இறுதியில் நாகமுராவை கார்ல்சன் ஜெயித்தார். அந்த ஒரு போட்டிதான் பிறகு வருஷம் முழுக்க நடக்கும் ஒரு தொடராக வளர்ந்தது. நான் சொன்ன ஜூலியஸ் பேர் கப்பும் அந்தத் தொடரில் ஒன்று.

அந்தப் போட்டியைப் பார்க்கச் சொல்லி பெரியப்பாவுக்கு லிங்க் அனுப்பினேன். பெரியம்மா இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் துபாயில். தெருவில் இறங்கினால் போலீஸ் விரட்டும் காலம். அவர் அந்த லிங்க்கைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அவரே கேட்டார்: "நம்மளும் இப்படி ஆட முடியுமால?"

ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் போனில் வழிகாட்டி, ஆடத் தொடங்கினோம். தினமும் ராத்திரி ஏழு மணி. கார்ல்சன்காரர்கள் ஆடுவது போலவே ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து நொடி கூடுதல். பெரியப்பா ஒரு பழைய மின்வாரிய டைரியில் ஆட்டத்தை முழுக்க எழுதிக்கொள்வார். ஆப்பிலேயே எல்லாம் பதிவாகும் என்று சொல்லியும் கேட்கவில்லை. "எழுதுனாத்தான் ஆட்டம்" என்பார். எழுதுவதில் அவருக்கு நொடிகள் போகும். கடைசி இரண்டு நிமிடங்களில் அவர் தடுமாறுவது எனக்கு இங்கிருந்தே தெரியும். ஆனாலும் அவர்தான் ஜெயிப்பார். முதல் பதினைந்து ஆட்டத்தில் நான் இரண்டு ஜெயித்திருப்பேன்.

*

முதல் முறை எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தால், பெரிய காரணம் எதுவும் இல்லை. அன்று ஆபீஸில் சம்பளத்தைக் குறைத்து மெயில் வந்திருந்தது. ஆட்டத்தில் ஒரு குதிரை கீழே இருந்தேன். மேஜையில் இன்னொரு போன் கிடந்தது. அதில் ஸ்டாக்ஃபிஷ் இருந்தது. இந்த நிலையிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறதா என்று சும்மா பார்ப்போம், ஆட வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும் என்று காய்களை அதில் அடுக்கினேன். வழி இருந்தது. ஆடினேன். டிரா ஆனது. பெரியப்பா போனில் கூப்பிட்டு, "ஏல, எங்கேர்ந்துல பாத்த அத?" என்று கேட்டார். அவருடைய குரலில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதிலும் அவரிடம் சம்பாதித்ததில்லை.

செஸ் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் இலவசம். யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிக்கொள்ளலாம். நம் சட்டைப் பையில் கிடக்கும் அந்தச் சாதனம் இன்றைய உலக சாம்பியனைத் தோற்கடித்துவிடும், சந்தேகமே கிடையாது. பெரிய ஆன்லைன் போட்டிகளை நேரலையில் பார்க்கும்போது பலகைக்கு ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறி இறங்கும். யார் கை ஓங்கியிருக்கிறது என்று இயந்திரம் சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்த சிறந்த நகர்த்தல் எது என்பது பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியாது. அந்த இரண்டு பேர்தான் ஆடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஆட்டம். அதற்காகக் கேமரா வைக்கிறார்கள், திரையைப் பகிரச் சொல்கிறார்கள், ஆடி முடித்த பிறகு ஒவ்வொரு நகர்த்தலையும் இயந்திரத்தின் தேர்வோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெரிய ஆட்டக்காரனுக்கு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் உதவி தேவையில்லை. "இந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, நின்று யோசி" என்று ஒரே ஒரு முறை யாராவது தோளைத் தட்டினால் போதும். அதைக் கண்டுபிடிப்பது மகா கஷ்டம்.

என்னைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. நான் திறமையாக ஏமாற்றவில்லை. இயந்திரத்தில் நகர்த்தலைப் போட்டு, பதிலைப் பார்த்து, ஆப்பில் ஆட எனக்குப் பத்து நொடி ஆகும். ராஜாவுக்கு செக் வந்து ஒரே ஒரு கட்டம்தான் மிச்சம் என்றாலும் பத்து நொடி. சும்மா கிடக்கும் சிப்பாயை வெட்டவும் பத்து நொடி. ஆப் கண்டுபிடிக்கவில்லை, நாங்கள் நண்பர்களுக்குள் ஆடும் புள்ளியில்லாத ஆட்டம்தானே. பெரியப்பா கவனித்தார். ஆனால் அவர் அதை வேறு மாதிரி கவனித்தார். என் அப்பாவிடம் போனில் சொன்னாராம்: "உன் மவன் பக்குவமாயிட்டான். வெட்ட வேண்டிய காயக்கூட நின்னு பாத்துத்தான் வெட்டுதான்."

எல்லா ஆட்டத்திலும் செய்யவில்லை. இதை ஒரு சலுகையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சில நாள் மனசு உறுத்தும், அன்று என் மூளையிலேயே ஆடித் தோற்பேன். சில நாள் பாதி ஆட்டம் வரை நானே ஆடுவேன். சில நாள் இயந்திரம் சொன்னதைப் பார்த்துவிட்டு, "இதை நானே யோசிச்சிருப்பேன்" என்று நினைத்துக்கொள்வேன். இந்தக் கடைசி வகைதான் மோசம்.

அந்த வருஷம் நடந்த செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதியை இருவரும் போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். கார்ல்சனும் டிங் லிரெனும். டிங் சீனாவிலிருந்து ஆடிக்கொண்டிருந்தார். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு ஆட்டத்தில் அவருடைய இணைப்பு அறுந்தது. கடிகாரம் மட்டும் ஓடியது, ஆட்டம் கார்ல்சனுக்குப் போனது. அடுத்த ஆட்டம் தொடங்கியதும் கார்ல்சன் ராணியைத் தூக்கிக்கொண்டு போய் வெட்டுக்குக் கொடுத்துவிட்டு ரிசைன் செய்தார். எதிராளி நெட் போனதால் தோற்றது தனக்கு வெற்றி இல்லை, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். பெரியப்பா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆம்பள ஆட்டக்காரன்ல" என்றார். அவர் தலைமுறைக்குப் பாராட்டுக்கு அந்தச் சொல்தான் கிடைக்கும். அன்று சாயங்காலம் ஏழு மணி ஆட்டத்தை நான் ஜெயித்திருந்தேன். எப்படி ஜெயித்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

நவம்பரில் ஒரு நாள் அவர், "போதும்டே" என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லையாம். "தோத்த ஆட்டத்த மறுநாப் பூரா பலகைல வச்சுப் பாக்கேன். எங்க தப்புன்னே புடிபட மாட்டேங்குது. எனக்கு நல்ல நகத்தலாத்தான் தெரியுது, ஆனா தோத்துருக்கேன். மூள மங்கிட்டுல. ஒனக்கு நான் இனி ஈடு கெடையாது. நீ நல்ல ஆளுவகூட ஆடு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் இல்ல பெரியப்பா" என்றேன். அவர் அந்த ஆப்பை அழித்துவிட்டார். மரப்பலகை பரணுக்குப் போனது. எழுபது வயது மனிதர் ஒருவர், தினமும் பகல் முழுக்கத் தன் ஆட்டத்தில் இல்லாத தப்பைத் தேடித் தேடி, கிடைக்காமல், தன் மூளைதான் தேய்ந்துவிட்டது என்று முடிவுக்கு வந்துவிட்டார். நான் அவரை வருத்தப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னேன்.

*

2021 ஜூனில், கொரோனா நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் ஆன்லைனில் பிரபலங்களோடு ஒரே நேரத்தில் ஆடினார். அதில் தொழிலதிபர் நிகில் காமத் ஆனந்தை ஜெயித்தார். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே சந்தேகம் வந்தது. மறுநாள் அவரே கணினி உதவி இருந்தது என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். சமூக வலைத்தளத்தில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நானும் ஒரு கிண்டல் போஸ்ட் போட்டேன். நூற்றுச்சொச்சம் லைக் வந்தது. ராத்திரி அதை அழித்தேன். ஐந்து முறை உலக சாம்பியனான ஒருவருக்கு அந்தத் தோல்வியால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. காலையில் எழுந்து தன் மூளையைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.

அடுத்த வருஷம் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தது. நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். வேட்டி கட்டிய குதிரைத் தம்பி ஊரெல்லாம் கும்பிட்டபடி நின்றான். பெரியப்பாவை வரவழைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாழ்க்கையில் கார்ல்சனைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். குகேஷ் ஆடிக்கொண்டிருந்த மேஜைக்கு எதிரே, பதினாறு வயதுப் பையன் அப்படி அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, கூட்டம் நகர்த்தும் வரை நின்றார். அந்தப் போட்டியில் குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார். வெளியே வந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் நின்ற, யாரென்றே தெரியாத ஒருவரிடம் பெரியப்பா என்னைக் காட்டிச் சொன்னார்: "இவன் என் தம்பி மவன். படிப்பு படிப்புன்னு விட்டுட்டான். இல்லன்னா இவனும் இங்கனதான் உக்காந்துருப்பான். என்னைய அடிச்சு ஆட்டத்தையே விட வச்சான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த ஆள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

*

இந்த நிலைமையில்தான் செப்டம்பர் வந்தது. 4ஆம் தேதி செயின்ட் லூயிஸில் சிங்க்ஃபீல்ட் கப்பில், கறுப்புக் காயோடு ஆடிய நீமன் கார்ல்சனைத் தோற்கடித்தார். நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்தில் கார்ல்சன் 53 ஆட்டங்களாகத் தோற்றிருக்கவில்லை. மறுநாள் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. நீமன், தான் பன்னிரண்டு வயதிலும் பதினாறு வயதிலும் ஆன்லைன் ஆட்டங்களில் ஏமாற்றியதுண்டு என்று ஒப்புக்கொண்டார். நேரில் ஆடும் ஆட்டத்தில் ஒருபோதும் இல்லை என்றார். அப்போது அவருக்கு வயது 19. அதற்குப் பிறகுதான் ஜூலியஸ் பேர் கப்பில் அந்த ஒற்றைக் குதிரை ஆட்டம்.

கார்ல்சன் செய்தது சரியா? எனக்கு இன்றுவரை அதில் முழுச் சம்மதம் இல்லை. அந்தப் போட்டியில் பதினாறு பேர். எல்லோரும் எல்லோரோடும் ஆடி, முதல் எட்டு பேர் நாக் அவுட்டுக்குப் போவார்கள். ஒரு வெற்றிக்கு மூன்று புள்ளி. ஆடாமலே மூன்று புள்ளியை ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்தால், அது எட்டாவது இடத்துக்கு மல்லுக்கட்டும் வேறு யாரோ ஒருவரின் வயிற்றில் அடிப்பது. கார்ல்சனுக்கு அதனால் நஷ்டமில்லை. அவர் லீக்கில் முதலிடத்தில் வந்தார், இறுதியில் வாரங்கல்காரரான அர்ஜுன் எரிகைசியைத் தோற்கடித்துக் கோப்பையையும் வாங்கினார். நீமன் காலிறுதியில் லியெம் குவாங் லேயிடம் தோற்றார். ஒருவனைத் திருடன் என்று வாயால் சொல்லாமல், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுப் போவதால் சொல்வது; அவன் பதில் சொல்வதற்கு ஒரு வார்த்தையைக்கூட மிச்சம் வைக்காமல் போவது. அது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் நான் இப்படி நினைப்பதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு என் சொந்த பயம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த இரவு காலியான கேமரா சதுரத்தைப் பார்த்து நான் லேப்டாப்பை மூடியது, நீமன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனாகத்தான்.

இதே கார்ல்சன் இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே போன்ற இணையப் போட்டியில் டிங் லிரெனிடம் வேண்டுமென்றே தோற்றதும் ஞாபகம் வந்தது. அன்று எதிராளிக்கு நியாயம் செய்வதற்காக ராணியைக் கொடுத்தார். இன்று எதிராளியை நம்ப முடியாமல் ஆட்டத்தையே கொடுத்தார். பெரியப்பா கேட்ட "ஏன்?" அதனால்தான் வந்தது. ராணியைக் கொடுத்த மனிதர் அவருக்குக் கார்ல்சன்.

"அந்தப் பையன் மிஷின் வச்சு ஆடுதான்னு சந்தேகப்படுதாங்க பெரியப்பா" என்று அன்று காலை சொன்னேன்.

"அது பெரிய கம்ப்யூட்டர்லல்லா இருக்கும்?"

"போன்லயே இருக்கு."

"ஒன் போன்லயுமா?"

"இருக்கு."

அந்தப் பக்கம் டீ ஆற்றும் சத்தம் கேட்டது. "சரி, ஆபீசுக்கு நேரமாயிருக்கும்" என்று வைத்துவிட்டார். நான் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

*

ஆயுத பூஜைக்குத் தென்காசி போனேன். அக்டோபர் 4. அன்றுதான் செஸ்.காம் நீமனைப் பற்றி 72 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நூறுக்கும் மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்களில் அவர் ஏமாற்றியிருக்கக்கூடும் என்றது. நேரில் ஆடிய ஆட்டங்களில் ஏமாற்றினார் என்று அது நிறுவவில்லை. ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு போனில் அதைப் படித்தேன். வரைபடங்கள், சதவீதங்கள், எந்த ஆட்டத்தில் எத்தனை முறை வேறு திரைக்குப் போய் வந்தார் என்ற கணக்கு. ஒரு மனிதனின் ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எது அவனுடையது, எது அவனுடையதல்ல என்று சொல்ல முயன்றிருந்தார்கள். (இந்த விவகாரம் பிறகு பத்துக் கோடி டாலர் வழக்காகி, 2023 ஆகஸ்டில் சமரசத்தில் முடிந்தது. அந்த டிசம்பரில் ஃபிடே, சரியான காரணமில்லாமல் சிங்க்ஃபீல்ட் போட்டியிலிருந்து விலகியதற்காக மட்டும் கார்ல்சனுக்குப் பத்தாயிரம் யூரோ அபராதம் விதித்தது.)

கீழே பூஜை அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பெரியப்பா அடுக்கியிருந்ததைச் சாயங்காலமே பார்த்திருந்தேன். கட்டிங் பிளேயர், டெஸ்டர், திருக்குறள், பஞ்சாங்கம். எல்லாவற்றுக்கும் மேலே, சந்தனப் பொட்டு வைத்த மின்வாரிய டைரி.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூஜை முடிந்ததும் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது வழக்கம். சின்ன வயதில் எங்களை உட்கார வைத்து ஒரு பக்கமாவது படிக்கச் சொல்வார்கள். பெரியப்பா டைரியை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஏதாவது ஒரு ஆட்டத்தப் படி." பிரித்தேன். பென்சிலில் நகர்த்தல்கள். அவர் நகர்த்தல் சிலவற்றுக்குப் பக்கத்தில் மறுநாள் சிவப்பு மையில் எழுதியது: "இங்கே தவறு?" அடுத்த பக்கத்திலும் "இங்கே தவறு?" அதற்கடுத்த பக்கத்தில் அதே வார்த்தைகள், அடிக்கோடிட்டு.

"பெரியப்பா, இதுல தவறு ஒண்ணும் இல்ல" என்றேன். பிறகு சொல்லி முடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் வைத்திருந்த ஒன்று இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

அவர் திட்டவில்லை. நான் எதிர்பார்த்துத் தயாராக வந்த எதையும் செய்யவில்லை. "எத்தன ஆட்டம்?" என்றார். தெரியாது என்றேன். உள்ளே போய் ஒரு பென்சில் எடுத்து வந்தார். அதே பென்சில்தானா தெரியவில்லை. "எதெது நீ ஆடுனது, எதெது அது ஆடுனதுன்னு கோடு போட்டுக் குடு. நான் பாத்துக்கிடுதேன்."

வராண்டாவில் உட்கார்ந்தேன். மொத்தம் 143 ஆட்டம். முதல் பதினைந்தில் சிக்கல் இல்லை, அதெல்லாம் நான். அப்புறம் வந்தது அந்த முதல் டிரா. அதற்குக் கோடு போட்டேன். அதற்குப் பிறகுதான் பிரச்சினை. அப்பட்டமாக இயந்திரம் ஆடிய ஆட்டங்கள் தெரிந்தன. அப்பட்டமாக நான் ஆடியவையும் தெரிந்தன, எல்லாம் தோற்றவை. நடுவில் நிறைய இருந்தது. இந்த மந்திரியை இங்கே கொண்டுவந்தது யார்? எனக்கு அந்த யோசனை வந்த ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது வந்தது போனைப் பார்ப்பதற்கு முன்பா, பிறகா? ஆகஸ்டில் ஆடிய ஒரு ஆட்டத்தில் மூன்று நகர்த்தல் தொடர்ந்து நன்றாக இருந்தது. அது நான் என்று சத்தியம் செய்யத் தோன்றியது. செய்ய முடியவில்லை. பதினோரு மணிக்குள் பென்சில் முனை மழுங்கியது. அறுபது ஆட்டம்கூடத் தாண்டியிருக்கவில்லை.

பெரியப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அல்லது பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, டைரியின் பக்கங்களைத் தள்ளி ஒரு இடத்தில் நிறுத்தினார். 88ஆவது ஆட்டம். என் நகர்த்தல் ஒன்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் ஒரே வார்த்தை: "பிரமாதம்." நான் ஒரு குதிரையைப் பலிகொடுத்து அவருடைய ராஜாவை வெளியே இழுத்து ஜெயித்த ஆட்டம். அந்த ஆட்டத்தை அன்று ராத்திரி அவர் போன் போட்டு, துபாயில் இருக்கும் அக்காவுக்குக்கூட விளக்கினார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"இது?" என்றார்.

எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகப்படுத்திக்கொள்ள ஒரு வழிதான் இருந்தது. அந்த நிலையை ஸ்டாக்ஃபிஷில் போட்டுப் பார்த்தால், அது வேறு நகர்த்தலைச் சொன்னால், குதிரை என்னுடையது. கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது.

"அத எடுக்காத" என்றார்.

எழுந்து உள்ளே போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் சத்தம், பரணில் எதையோ நகர்த்தும் சத்தம். நான் போய்ப் பிடிப்பதற்குள் இறங்கிவிட்டார். கையில் மரப்பலகை, தூசி படிந்த பெட்டி. வராண்டாவில் பலகையை விரித்து, வேட்டி நுனியால் துடைத்து, டைரியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு காயாக அந்த நிலைக்குக் கொண்டுவந்து வைத்தார். அவசரப்படவில்லை. உச்சி உடைந்த யானை என் பக்கம் வந்தது. கடைசியாக என் குதிரையை வைத்துவிட்டு டைரியை மூடிக் கீழே போட்டார்.

"இப்ப ஒன் மொற."

கடிகாரம் எதுவும் இல்லை. தெருவில் பூம்பூம் மாட்டுக்காரன் போனான். நான் பலகையைப் பார்த்தேன். குதிரையைக் கொடுத்தால் ராஜா வெளியே வருவான், அது தெரிகிறது, டைரியில் படித்ததால் தெரிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று யோசித்தால் நாலாவது நகர்த்தலில் எல்லாம் கலைந்துபோகிறது. ராணியை முதலில் கொண்டுவரலாமா? சிப்பாயைத் தள்ளலாமா? எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. வெயில் என் முட்டி வரைக்கும் வந்திருந்தது. குதிரையின் தலையில் விரலை வைத்தேன். சரியாக வராது என்று பட்டது. எடுத்துவிட்டேன்.

"தொட்டுட்டல்லா" என்றார் பெரியப்பா. "ஆடு."